ஃபிரிட்ஜில் சட்டை வைக்கும் வீட்டிலிருந்து

அன்பும் மதிப்பும் மிக்க அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் இவரும் சிட்டுவும் நலம். யாராவது அளந்து பார்த்து வேறு மாதிரி சொல்லும்வரை நலம். அங்கே நீங்களும் அண்ணனும், எட்டு வயதிலேயே ‘புரொபசர்’ என்று பெயர் வாங்கிவிட்ட உங்கள் மகனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

உங்கள் கடிதத்தின் மூன்றாவது வரியில், “சிட்டுவுக்கு ஸ்கூல்ல ஏதோ அறிவுத்திறன் டெஸ்ட் வச்சாங்களாமே, எத்தனை வந்துச்சு? எங்க புரொபசருக்கு நூத்திப்பதினெட்டு” என்று கேட்டிருந்தீர்கள். டெஸ்ட் நடந்த விஷயத்தை நான் அண்ணனிடம் மட்டும்தான் போனில் சொன்னேன், அதுவும் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லிவிட்டுச் சொன்னேன். அண்ணன் வாயைத் திறக்க மாட்டார். அப்படியென்றால் நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்களா, இல்லை அந்தப் போனில் ஏதாவது கோளாறா? சந்தேகப்படவில்லை அண்ணி, சும்மா கேட்டேன். எத்தனை வந்தது என்று கேட்டீர்கள் இல்லையா, சொல்கிறேன். எழுபத்தெட்டு. சொல்லிவிட்டேன். இனி மீதியையும் பொறுமையாகப் படிக்க வேண்டும், பாதியில் மடித்து வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது.

எங்கள் வீட்டை நீங்கள் பார்த்ததில்லை என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் புரியாது. இவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக் என்பது தெரியும். கடை முன்னால், வீடு பின்னால். சரிசெய்ய முடியாதென்று ஆட்கள் விட்டுவிட்டுப் போன ஃபிரிட்ஜுகள் எங்கள் வீட்டில்தான் வாழ்க்கையைக் கழிக்கும். எங்களுக்கு அலமாரியே கிடையாது. சிவப்பு ஃபிரிட்ஜில் துணிமணி, வெள்ளை ஃபிரிட்ஜில் புத்தகம், அதன் ஐஸ் பெட்டியில் என் பட்டச் சான்றிதழ். “வரலாறு படிச்சு என்ன பண்ணப் போறே?” என்று என் கல்யாணத்தின்போது கேட்டீர்களே, அந்தச் சான்றிதழ்தான். பூச்சி போகாது, ஈரம் போகாது, ரொம்ப வசதி. ஓடுகிற ஃபிரிட்ஜுகள் எல்லாம் கடையில். ரிப்பேர் முடிந்ததும் உள்ளே எத்தனை டிகிரி என்று பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கதவில் ஒட்டுவார். நாலு, ஐந்து என்றால் வீட்டுக்கு அனுப்பலாம். பத்தைத் தாண்டினால் மறுபடி கழற்ற வேண்டும். சிட்டு எண்ணப் படித்ததே அந்தச் சீட்டுகளைப் பார்த்துத்தான்.

இப்படிப்பட்ட பிள்ளையைத் தனி அறையில் உட்கார வைத்து, கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்த ஒரு மேடம் கேட்டிருக்கிறார்: “ஃபிரிட்ஜ்ல என்ன வைப்போம்?” சிட்டு சொல்லியிருக்கிறாள்: “சட்டை.” சைபர். “சட்டை, காலுறை, ஃபிரிட்ஜ், கவுன். இதுல எது சேராது?” “எல்லாம் சேரும் மிஸ். ஃபிரிட்ஜ் இல்லன்னா மத்ததையெல்லாம் எங்க வைக்கிறது?” அதற்கும் சைபர். ஒரு கதவுப் படத்தைக் காட்டி என்ன குறைகிறது என்றால், நாமெல்லாம் கைப்பிடி என்போம்; இவள் “ரப்பர்” என்றிருக்கிறாள். நியாயமாகப் பார்த்தால், ஃபிரிட்ஜ் கதவோரத்தில் சுற்றி ஓடுமே, அந்த ரப்பரும் படத்தில் இல்லைதான். “ரோட்ல ஒட்டின கவர் ஒண்ணு கிடக்குது, மேல விலாசம் எழுதியிருக்கு, என்ன செய்வே?” “தொட மாட்டேன் மிஸ். அம்மா சந்தேகப்படுவாங்க.” இதற்கு மட்டும் நான் பொறுப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

பள்ளியில் எங்களைக் கூப்பிட்டு, டெஸ்ட் அறிக்கையோடு ஒரு தாளையும் கொடுத்தார்கள். சிட்டுவை முதல் வகுப்பிலிருந்து எடுத்து, படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கென்று இருக்கிற பின்கட்டிடத்து வகுப்பில் சேர்க்கச் சம்மதம் என்று இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், பத்து நாளுக்குள். பின்கட்டிடத்தில் பதினொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மணி கோத்துக்கொண்டிருந்தார்கள். கோத்து முடித்ததும் டீச்சர் வாங்கி, உருவிக் கொட்டிவிட்டு, மறுபடி கோக்கச் சொன்னார். அங்கே போன பிள்ளை யாராவது திரும்பி முன்கட்டிடத்துக்கு வந்திருக்கிறதா என்று கேட்டேன். “அதுக்கு அவசியம் வந்ததில்லங்க” என்றார் ஸ்டாப்வாட்ச் மேடம். இவர், “ஒரு கேள்விக்குச் சரியாச் சொல்லலன்னா வேற மாதிரி கேட்டுப் பாப்பீங்களா?” என்றார். மேடம் சிரித்துவிட்டு, “சார், எழுபத்தெட்டுன்னா எழுபத்தெட்டுதான். இது தெர்மாமீட்டர் மாதிரி. காய்ச்சல் இருக்குன்னு காட்டினா தெர்மாமீட்டர்கிட்ட கோவிச்சுக்க முடியுமா?” என்று கேட்டார்.

யாரிடம் போய் தெர்மாமீட்டரைப் பற்றிச் சொல்கிறார் பாருங்கள்! இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், “எந்த தெர்மாமீட்டரு? ஐஸ்ல போட்டுப் பாத்தாங்களாமா?” என்றார். அது இவர் கடைப் பழக்கம் அண்ணி. எந்த ஃபிரிட்ஜைத் தொடுவதற்கு முன்னாலும் தெர்மாமீட்டரை நொறுக்கின ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்துப் பார்ப்பார். சைபர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குப்பையில் போடுவார். “இல்லன்னா நல்ல ஃபிரிட்ஜையெல்லாம் கெட்டுப் போச்சுன்னு கழட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும்” என்பார். அன்றைக்கு அதைக் காதில் வாங்கிக்கொள்கிற நிலையில் நான் இல்லை. அந்த அறிக்கையை யார் கண்ணிலும் படாமல் என் சான்றிதழுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, சந்தேகப்பட உட்கார்ந்தேன்.

முதலில் சிட்டுவைச் சந்தேகப்பட்டேன். தூங்கும்போது அவள் தலையைத் தையல் நாடாவால் அளந்தேன். ஐம்பத்தொரு சென்டிமீட்டர். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு பிஸ்கட் கொடுத்து அளந்தேன். ஐம்பத்திரண்டு! மறுபடி அளந்தேன், அதே ஐம்பத்திரண்டு. பிறகு அவன் போகிற வழியில் சோப்பைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போனான், கொஞ்சம் நிம்மதி வந்தது. அடுத்தது இவர் குடும்பம். இவருடைய சின்ன மாமா ஒருத்தர் மூன்று வருஷமாக வீட்டுக்கு முன்வாசல் வைக்க மறந்துவிட்டாராம், கல்யாணத்துக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். மாமியாரிடம் போனில் மெதுவாக விசாரித்தால், அவர் அதற்கு முன்பே என்னைச் சந்தேகப்பட்டு முடித்திருந்தார். “எங்க பக்கம் இப்படி யாரும் கிடையாதும்மா. உங்க பக்கம்தான் எல்லாரும் ரொம்பப் படிச்சவங்க” என்றார். இதில் என்ன அர்த்தம் என்று இன்றுவரை யோசிக்கிறேன். கடைசியில் என்னைச் சந்தேகப்பட்டேன். அதற்கு எந்த ஆதாரமும் தேவைப்படவில்லை.

நான்காம் நாள் நூலகத்துக்குப் போனேன். வரலாறு படித்தவள் கையில் வேறென்ன ஆயுதம் இருக்கிறது? மூன்று நாள் போய் உட்கார்ந்து படித்தேன். அண்ணி, இந்த அளக்கிற சங்கதிக்கே ஒரு ஜாதகம் இருக்கிறது, யாரும் பார்க்காமல் வீட்டுக்குள் விட்டுவிட்டோம். ஒரு காலத்தில் ஒரு டாக்டர் மண்டையோடுகளைச் சேர்த்து, அவற்றுக்குள் கடுகைக் கொட்டி, எந்த இனத்தின் தலையில் எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்தாராம். முதலிடம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? டாக்டருடைய இனத்துக்கேதான். கடுகை அழுத்தினால் அதிகம் பிடிக்கும், சும்மா விட்டால் குறைவாகப் பிடிக்கும் என்பது அஞ்சறை டப்பா வைத்திருக்கிற எவளுக்கும் தெரியும். அவருக்கே அளவு மாறி மாறி வந்து, பிறகு ஈயக் குண்டுக்கு மாறினாராம். விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது, ஏனென்றால் என் கைப்பையில் தையல் நாடா இருந்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு இன்னொரு பிஸ்கட் கடன்.

அப்புறம் வந்தது கேள்வி கேட்கிற டெஸ்ட். நூறு வருஷத்துக்கு முன்னால் அதை முதலில் செய்த மனிதர் எந்தப் பிள்ளைக்குக் கூட உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் செய்திருக்கிறார். இது மாறாத அளவு இல்லை, பிள்ளை தலையில் முத்திரை குத்தாதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டிருக்கிறார். அதைக் கடல் தாண்டி எடுத்துப் போனவர்கள் எச்சரிக்கையை மட்டும் கரையிலேயே விட்டுவிட்டார்கள். கப்பலில் வாரக்கணக்கில் வாந்தியெடுத்து, பாஷை தெரியாத ஊரில் வந்து இறங்கினவர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்டு, மந்தபுத்தி என்று எழுதினார்களாம். பட்டாளத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு டென்னிஸ் மைதானத்தின் படத்தைக் காட்டி என்ன குறைகிறது என்று கேட்டார்களாம். வலை குறைகிறது. ஆயுசில் அந்த ஆட்டத்தைப் பார்க்காதவனுக்கு என்ன தெரியும்? அவன் கண்ணுக்கு நெல்லு போட ஒரு நல்ல வயல் குறைந்திருக்கும். இன்னொன்றைக் கேளுங்கள். சில கேள்விகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் மதிப்பெண் ரொம்ப வித்தியாசப்பட்டதாம். கேள்விதான் சரியில்லை என்று அவற்றை எடுத்துவிட்டார்கள். நல்லது. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் வித்தியாசப்பட்டபோது, கேள்வி சரியாகத்தான் இருக்கிறது, பிள்ளைதான் சரியில்லை என்று விட்டுவிட்டார்கள். இதைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். நூலகக்காரர், “ஏதாவது வேணுமாம்மா?” என்றார். “நியாயம்” என்றேன். “அது அந்தக் கோடி அலமாரி” என்று கை காட்டினார்.

ஆனால் விஷயம் திரும்பியது நூலகத்தில் இல்லை, எங்கள் வீட்டுப் பின்கட்டில். அன்று சாயங்காலம் சிட்டு, ஃபிரிட்ஜுக்கு ஏற்றுகிற கேஸ் வரும் காலி டப்பாக்களை வரிசையாக உட்கார வைத்து, எதிரில் தன் அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு விளையாடினாள். “ம், சீக்கிரம் சொல்லு. நேரம் போகுது. மேசையும் நாற்காலியும் எப்படி ஒண்ணு?” ஸ்டாப்வாட்ச் மேடத்தின் அதே குரல். நடுவில் ஒரு தும்மல், “ச்சே, இந்த ரூம்ல ஒரே தூசி” என்ற சலிப்பு உட்பட. நான் பதறிப்போய் எழுதிக்கொண்டேன். மொத்தம் இருபத்துநான்கு கேள்வி. மறுநாளும் அதே விளையாட்டு, அதே வரிசை, அதே தும்மல், அதே இடத்தில். மூன்றாம் நாள் இவர் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, “டெஸ்ட் வச்சு மூணு வாரமாச்சு. ஒரு கேள்வி விடாம சொல்றா. இதுக்கு எத்தனை மார்க்கு போட்டாங்க?” என்றார். அண்ணி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது உறைக்கவே இல்லை. கேள்வித்தாள் கிடைத்ததே என்ற சந்தோஷத்தில்தான் இருந்தேன்.

“சரி, இப்ப தெர்மாமீட்டர ஐஸ்ல போடு” என்றார் இவர். எப்படி என்றேன். “அறிவுள்ளவன்னு ஊருக்கே தெரிஞ்ச ஆள் மேல வச்சுப் பாரு.” “யாரு அப்படி?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எதிரில் நிற்கிறவரையே பார்த்தேன். “போனை ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி வச்சுப் பிடிங்க” என்று சொல்லிச் சத்தத்தை மட்டும் கேட்டே இன்ன பாகம் போயிருக்கிறது என்று சொல்கிற மனிதர், இவருக்காக நாலு தெரு தாண்டி வந்து ஆட்கள் காத்துக் கிடக்கிறார்கள். உட்கார வைத்துக் கேட்டேன். மேசையும் நாற்காலியும் எப்படி ஒண்ணு? “ரெண்டும் மாடிப்படித் திருப்பத்துல மாட்டிக்கும்.” ஐஸ் எதிலிருந்து வருகிறது? “கேஸ் சரியா இருந்தா வரும்.” கதவில் என்ன குறைகிறது? “ரப்பர்.” அப்பன் தப்பாமல் பிள்ளை! மொத்தம் ஒன்பது. மேடத்தின் கணக்குப்படி இவரையும் பின்கட்டிடத்தில் உட்கார வைத்து மணி கோக்கச் சொல்ல வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வந்தது. அறிவாளி என்பதால் இல்லை, அந்தக் கேள்வி எழுதினவர் வீடு மாதிரி ஒரு வீட்டில் நான் வளர்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். (அந்த இரண்டு எப்படிப் போனது என்று மட்டும் இன்னும் புரியவில்லை.)

பத்தாம் நாள் கையெழுத்துப் போடாத தாளோடு தலைமையாசிரியை அறைக்குப் போனோம். ஸ்டாப்வாட்ச் மேடமும் இருந்தார். நான் நூலகத்தில் எழுதிய பதினாலு பக்கக் குறிப்பை எடுத்து, மண்டையோட்டிலிருந்து ஆரம்பித்தேன். கடுகு வரைக்கும்தான் போக முடிந்தது. தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இவர் என் முழங்கையைத் தொட்டு, “சிட்டு, நீ வீட்ல விளையாடுவியே, அத இங்க விளையாடிக் காட்டு” என்றார். சிட்டு தலைமையாசிரியை மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரை எதிரில் வைத்துக்கொண்டாள். நான் வீட்டில் கேள்விகளில்தான் குறியாக இருந்தேன், முதல் கேள்விக்கு முன்னால் அவள் முணுமுணுத்ததை விளையாட்டென்று விட்டுவிட்டேன். இப்போது அந்த அறையில் கணீரென்று கேட்டது.

“பேர் என்ன? அப்பா என்ன வேலை? ஓ, ஃபிரிட்ஜ் மெக்கானிக்கா? சரி சரி.” டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுக் காதில் கை வைத்துக்கொண்டாள். “ஹலோ, இதோ வந்துடறேன். இன்னும் ஒண்ணுதான் பாக்கி. மெக்கானிக் பொண்ணு. இது பின்கட்டிடத்துக் கேஸுதான், சீக்கிரம் முடிஞ்சிடும்.” பிறகு கையைக் கீழே வைத்து, “ம், முதல் கேள்வி” என்றாள்.

“குழந்தைங்க கற்பனையா ஏதாவது சொல்லும் மேடம்” என்றார் ஸ்டாப்வாட்ச் மேடம். “இல்ல மிஸ்” என்றாள் சிட்டு, யாரையும் குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லாமல். “அப்ப நீங்க பேனா மூடியக் கடிச்சீங்க. பச்சை மூடி.” மேடம் கையில் இருந்த பேனாவை எல்லோரும் பார்த்தோம். பச்சை மூடி. நுனி முழுக்கப் பல் தடம். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “முதல் கேள்விக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்களா?” என்று அவரிடம் கேட்டார். மேடம் பேனாவைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “பின்கட்டிடத்துல இருக்கற பதினொரு பேரோட அப்பாங்க தொழிலையும் கொஞ்சம் வாசிங்க மேடம்” என்றேன். தலைமையாசிரியை பதிவேட்டை எடுத்தார். சலவைத் தொழிலாளி. மூட்டை தூக்குபவர். லாரி கிளீனர். மறுபடி மூட்டை தூக்குபவர். ஐந்தாவதில் வாசிப்பதை நிறுத்திவிட்டு, மீதியை விரலால் மட்டும் கீழே வரைக்கும் பார்த்துக்கொண்டு போனார். “அவங்களுக்கும் திரும்ப வைக்கணும்” என்றேன். “பார்ப்போம்” என்றார். சிட்டுவின் தாளைக் கிழித்துப் போட்டார். வெளியிலிருந்து வேறொருவரை வரவழைத்து மறுபடி சோதிப்பார்களாம், அதுவரை அவள் முதல் வகுப்பிலேயே இருக்கலாம். வேறு டெஸ்டும் வேண்டாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். இவர், “ரெண்டாவது தெர்மாமீட்டர் வச்சுப் பாக்கறது தப்பில்ல” என்றார்.

அந்தச் சோதனை முந்தாநாள் நடந்தது. முடிவு இன்னும் வரவில்லை. எத்தனை வந்தாலும் எனக்கு ஒன்றுதான் அண்ணி. இவ்வளவு படித்த பிறகும் ஒரு எண்ணைப் பார்த்துக் குதிப்பேனா, இல்லை அழுவேனா? உங்கள் புரொபசரின் நூற்றுப்பதினெட்டைப் பற்றியும் உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அது அவன் அறிவு இல்லை. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் காய்கறி இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி. அவன் நல்ல பிள்ளை, எண் இல்லாமலே நல்ல பிள்ளை. அவன் மதிப்பெண் சீட்டை வாசலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்களாமே, அதை எடுத்துவிடுங்கள், வருகிறவர்கள் தங்கள் பிள்ளையை நினைத்து வருத்தப்படுவார்கள்.

அண்ணனுக்கு என் அன்பும் ஒரு சின்ன வருத்தமும் (போன் விஷயம்). புரொபசருக்கு அத்தையின் முத்தங்கள். உங்களுக்கு என் வணக்கம். எல்லோரும் அளவில்லாத நலத்தோடு இருக்க வேண்டும். ‘அளவில்லாத’ என்பதை யோசித்துத்தான் எழுதினேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு நாத்தனார்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. நூற்றுப்பத்தொன்பது.

அண்ணி, இந்த முறை வந்த பரிசோதகர் மிகவும் படித்தவர், நிதானமானவர். டெஸ்டும் நல்ல விஞ்ஞான முறைப்படி நடந்தது. ஆகவே மேலே நான் எழுதியதில் மண்டையோட்டிலிருந்து நூலகக்காரர் வரை உள்ள பகுதியைப் பொதுவாகச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவும். உங்களுடையதைவிட ஒன்றுதான் அதிகம், அதைப் பெரிதாக நினைக்காதீர்கள். ஆனாலும் ஒன்று என்றால் ஒன்றுதான். இதை அண்ணனிடம் சொல்லலாம், யாரிடமும் சொல்லக் கூடாது என்று இந்தத் தடவை நான் சொல்லவில்லை. சட்டைகளைப் போன வாரமே ஃபிரிட்ஜிலிருந்து பெட்டிக்கு மாற்றிவிட்டேன், சோதனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே கொஞ்ச நாளாகக் காய்கறி வைக்கிறேன். அது ஓடாத ஃபிரிட்ஜ் என்பதால் அழுகுகிறது, பரவாயில்லை. அந்தப் பதினொரு பிள்ளைகளைப் பற்றி வந்த ஆளிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன். சந்தோஷத்தில் மறந்துபோய்விட்டது.

அந்த எண்ணை ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கடைக்கு முன்னால் நிற்கிற பெரிய ஃபிரிட்ஜின் கதவில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டினேன். சிட்டு பள்ளி விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் வாடிவிட்டது. பிறகு உள்ளே பார்த்துக் கத்தினாள்:

“அப்பா! சீக்கிரம் வாங்க. இது நூத்திப்பத்தொன்பதுல நிக்குது. அளக்கறது கெட்டுப்போச்சா, ஃபிரிட்ஜு கெட்டுப்போச்சா?”

இவர் ஐஸ் டம்ளரோடு வந்துகொண்டிருக்கிறார். மீதியைப் பிறகு யோசித்துக்கொள்கிறேன். பதினொரு பேரைப் பற்றிக் கேட்க இப்போதே பள்ளிக்குப் போனால் தலைமையாசிரியை கிளம்பியிருக்க மாட்டார்.